பிக்கப்பில் எஞ்சின் ஃபேனை எடுத்துவிட்டு எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டுவது எப்படி

ரேடியேட்டர் ஃபேனை மாற்ற நினைப்பவர்கள் முதலில் ஃபேனைத்தான் தேடுகிறார்கள். எத்தனை அங்குலம், எத்தனை இறக்கை, எவ்வளவு காற்று இழுக்கும் என்றே பார்க்கிறார்கள். மாற்றிய பிறகு வண்டி சூடேறினால் பெரும்பாலும் குற்றம் ஃபேனில் இருப்பதில்லை. ஷ்ரவுட் (காற்று ரேடியேட்டர் வழியாகவே ஃபேனுக்கு வரும்படி அதன் பின்னால் மாட்டும் உறை) ரேடியேட்டரை முழுக்க மூடியிருக்காது, அல்லது வயர் மெல்லியதாக இருக்கும், அல்லது வெப்ப ஸ்விட்ச் தப்பான அளவில் வைக்கப்பட்டிருக்கும். அதனால் இங்கே ஃபேனைவிட இந்த மூன்றைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறோம்.

மாற்றத்தான் வேண்டுமா?

எஞ்சின் ஃபேன் வாட்டர் பம்ப் தண்டில் உட்கார்ந்து பெல்ட்டோடு சேர்ந்து சுற்றுகிறது. பல பிக்கப்களில் நடுவே ஒரு ஃபேன் கிளட்ச் இருக்கும். அதற்குள் கெட்டியான சிலிக்கான் எண்ணெய், முகப்பில் சுருட்டிய உலோகப் பட்டை. ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடானால் அந்தப் பட்டை முறுக்கிக்கொண்டு உள்ளே ஒரு வால்வைத் திறக்கும். எண்ணெய் பரவி ஃபேனைப் பிடித்து இழுக்கும். குளிர்ந்ததும் பிடி தளரும்.

ஏற்பாடு நல்லதுதான். குறை ஒன்றே ஒன்று: ஃபேனின் வேகம் எஞ்சினின் வேகத்தோடு கட்டுண்டது. நெரிசலில் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் மெதுவாக ஓடும் நிலையில்) நிற்கும்போதுதான் காற்று அதிகம் தேவை, அப்போதுதான் ஃபேன் மெதுவாகச் சுற்றும். எஞ்சினை முறுக்கி ஓட்டும்போது தேவைக்கு மேல் சுற்றும். ஃபேனின் வேகம் இரண்டு மடங்கானால் அது விழுங்கும் சக்தி எட்டு மடங்காகும். உச்ச வேகத்தில் கிளட்ச் பிடித்துக்கொண்டால் ஒரு பெருமூச்சுச் சத்தத்தோடு வண்டியின் இழுவை குறைவது இதனால்தான்.

எலெக்ட்ரிக் ஃபேன் எஞ்சின் வேகத்தைப் பார்ப்பதில்லை, வெப்பத்தைப் பார்க்கும். ஐடிலிலும் முழு வேகத்தில் ஓடும், நின்ற வண்டியில் ஏசி நன்றாகக் குளிரும், காலையில் எஞ்சின் சீக்கிரம் சூடாகும், தண்ணீரில் இறங்கும்போது ஃபேனை நிறுத்தி வைக்கலாம். எரிபொருள் மிச்சத்தை மட்டும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். கிளட்ச் நல்ல நிலையில் இருக்கும் வண்டியில் வித்தியாசம் சிறிதுதான். கிளட்ச் இல்லாமல் நேரடியாகப் பூட்டிய ஃபேன் உள்ள பழைய வண்டியில் நன்றாகவே தெரியும்.

இரண்டு வகையினர் இந்த வேலையில் இறங்காமல் இருப்பது நல்லது. கனமான டிரெய்லரை இழுத்துக்கொண்டு மெதுவாக மலையேறுகிற வண்டிக்கு, கிளட்ச் முழுக்கப் பிடித்த எஞ்சின் ஃபேன் இழுக்கும் காற்றை ஒரு சாதாரண 12 வோல்ட் ஃபேன் ஈடுசெய்யாது. அடுத்து, ஏற்கெனவே சூடேறிக்கொண்டிருக்கும் வண்டி. நிற்கும்போது சூடேறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் காற்றுப் பற்றாக்குறை, அங்கே ஃபேன் உதவும். 80 கி.மீ. வேகத்தில் ஓடும்போது சூடேறினால் ஃபேனைத் தொடாதீர்கள். அந்த வேகத்தில் முன்னாலிருந்து வரும் காற்றே போதும். அடைத்த ரேடியேட்டர், திறக்காத தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலண்ட் ரேடியேட்டருக்குப் போக வழி திறக்கும் வால்வு), உள்ளே ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ், தேய்ந்த வாட்டர் பம்ப், கசியும் ஹெட் கேஸ்கெட் என்று தேடிச் சரிசெய்துவிட்டு வாருங்கள்.

உங்கள் ஃபேன் கிளட்சிலிருந்து ஒரு வயர் போகிறதா என்றும் பாருங்கள். போனால் அதை எஞ்சின் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துகிறது. கழற்றினால் எச்சரிக்கை விளக்கு எரியும். அந்த வண்டிகளுக்கு இந்தக் கட்டுரை மட்டும் போதாது.

வாங்குவதற்கு முன் அளவெடுங்கள்

மூன்று அளவுகள் வேண்டும்: ரேடியேட்டரின் உள் கூட்டின் அகலம், உயரம், பிறகு அந்தக் கூட்டிலிருந்து எஞ்சின் பக்கம் மிக முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பாகம் வரையுள்ள ஆழம். பக்கத் தொட்டிகளைச் சேர்க்காதீர்கள், தகடுகள் உள்ள பகுதி மட்டும். ஆழத்தை ஃபேனைக் கழற்றிய நிலையில் வாட்டர் பம்ப் தண்டின் நுனி வரை அளந்தால்தான் உண்மை தெரியும். கிளட்ச் போனபின்னும் அந்தத் தண்டு அங்கேயே இருக்கும், எலெக்ட்ரிக் ஃபேனின் மோட்டார் பெரும்பாலும் அதற்கு நேர் எதிரேதான் வந்து உட்காரும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது 25 மி.மீ. இடைவெளி விடுங்கள். முடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் எஞ்சின் தன் ரப்பர் தாங்கிகளில் அசையும். இடம் போதாவிட்டால் ஒரே பெரிய ஃபேனுக்குப் பதில் இரண்டு சிறிய ஃபேன்களை எடுத்தால் தண்டு இரண்டு மோட்டார்களுக்கும் நடுவே வந்துவிடும்.

ஷ்ரவுட் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கணக்குப் போட்டே பாருங்கள். கூடு 60 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் என்றால் பரப்பு 2,700 சதுர செ.மீ. அதில் 16 அங்குல ஃபேனை, அதாவது ஏறக்குறைய 40 செ.மீ. குறுக்களவு உள்ளதை, வெறுமனே ஒட்டவைத்தால் அது மூடும் பரப்பு சுமார் 1,250 சதுர செ.மீ. பாதிகூட இல்லை. மீதிப் பகுதியில் வண்டி நிற்கும்போது காற்றே போகாது. அதையே கூடு முழுவதையும் மூடும் ஷ்ரவுட்டில் பொருத்தினால் நான்கு மூலைகளிலிருந்தும் காற்று இழுக்கப்படும். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: ஷ்ரவுட்டின் தட்டையான பகுதி கூட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. 25 மி.மீ. அல்லது அதற்கு மேல் விலகியிருந்தால்தான் மூலையிலிருந்து காற்று ஃபேனுக்கு நகர்ந்து வர வழி கிடைக்கும். விளிம்பில் மட்டும் நுரை ரப்பர் பட்டை ஒட்டி இடைவெளியை அடையுங்கள்.

ஷ்ரவுட்டின் தட்டையான பகுதியில் ரப்பர் மடல்கள் வைத்த துளைகள் இருந்தால் இன்னும் நல்லது. நிற்கும்போது ஃபேன் இழுப்பில் மடல் மூடிக்கொள்ளும், நெடுஞ்சாலையில் முன்காற்று தள்ளித் திறக்கும். மடல் இல்லாத முழுத் தட்டு நெடுஞ்சாலையில் காற்றை மறித்து, நிற்கும்போது இல்லாத சூட்டை ஓடும்போது கொண்டுவரும்.

ஃபேன் இழுக்கும் காற்றை நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்று எழுதியிருப்பார்கள். எதிரே தடையே இல்லாத வெளியில் அளந்த எண்ணாகவும் அது இருக்கலாம். ரேடியேட்டரும் அதன் முன்னால் ஏசி கண்டென்சரும் வந்தபின் அவ்வளவு வராது. அதைவிட நம்பகமான அடையாளம் ஆம்பியர். மின்சாரம் குறைவாக எடுத்துக்கொண்டு காற்றை மட்டும் அள்ளித் தரும் ஃபேன் கிடையாது. 10 ஆம்பியர் ஃபேன் ஒரு பிக்கப்புக்குப் போதாது, 25 முதல் 35 ஆம்பியர் வரை எடுப்பதைப் பாருங்கள். வேறொரு காரிலிருந்து கழற்றிய, ஷ்ரவுட்டோடு கூடிய கம்பெனி ஃபேன் அளவு ஒத்துவந்தால் அதுவே நல்ல தேர்வு. அதில் இரண்டு வேகம் இருந்தால் ஒன்றை மறக்காதீர்கள்: இரண்டு வேக வயர்களுக்கும் ஒரே நேரத்தில் மின்சாரம் போகக் கூடாது.

ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால், எஞ்சின் பக்கம் நின்று இழுக்கும் வகையாக இருக்கட்டும். முன்னால் நின்று தள்ளும் வகை, வண்டி ஓடும்போது வரும் காற்றுக்கே குறுக்கே நிற்கும். தள்ளும் ஃபேனின் வயரை மாற்றிக் கொடுத்தால் அது எதிர்த் திசையில் சுற்றும், ஆனால் இறக்கையின் வளைவு தப்பாக இருப்பதால் காற்று வெகுவாகக் குறையும். இறக்கையைக் கழற்றித் திருப்பிப் போட வழியிருந்தால் மட்டும் அதை யோசியுங்கள்.

ஆல்டர்னேட்டர் தாங்குமா?

ஃபேன் 30 ஆம்பியர். ஹெட்லைட் இரண்டுக்கும் 9. உள்ளே ஏசி காற்றாடிக்கு 15. எஞ்சினுக்கும் எரிபொருள் பம்புக்கும் 12. கூட்டினால் 66 ஆம்பியர். உங்கள் ஆல்டர்னேட்டரில் (எஞ்சின் சுற்றும்போது மின்சாரம் தரும் ஜெனரேட்டரில்) 60 என்று எழுதியிருந்தால் முழு வேகத்திலேயே தள்ளாடும். ஐடிலில் எழுதிய அளவில் பாதியளவு கிடைத்தாலே அதிகம். இரவில், மழையில், நெரிசலில் பேட்டரிதான் அந்தக் குறையை ஈடுகட்டிக்கொண்டிருக்கும், மெல்ல இறங்கிக்கொண்டே போகும். பிரஷ்லெஸ் மோட்டார் உள்ள ஃபேன்கள் மெதுவாகத் தொடங்கித் தேவைக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும். விலை கூடுதல், ஆனால் சிறிய ஆல்டர்னேட்டர் உள்ள வண்டிக்கு அது பொருத்தம். இல்லையென்றால் ஆல்டர்னேட்டரையும் பெரிதாக்குங்கள்.

வாங்க வேண்டியவை

ஃபேன், ஷ்ரவுட், தாங்குபட்டைகள் போக:

- 40 ஆம்பியர் ரிலே (சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச்) 1, அதன் சாக்கெட்டோடு. சாக்கெட்டில் 30, 87 எண் முனைகளுக்குத் தடித்த வயர் நுழைய வேண்டும்.
- 40 ஆம்பியர் பெரிய வகை ஃப்யூஸ் 1, அதன் தாங்கி 1. சின்ன ஃப்யூஸ் தாங்கிகள் இந்தச் சுமையில் உருகிவிடும்.
- 6 சதுர மி.மீ. வயர், சிவப்பு 3 மீட்டர், கறுப்பு 2 மீட்டர்.
- 1 சதுர மி.மீ. வயர் 5 மீட்டர், 5 ஆம்பியர் ஃப்யூஸ் தாங்கியோடு.
- வெப்ப ஸ்விட்ச் 1, அதைத் திருகுவதற்கான இடமோ ஹோஸ் இணைப்பியோ.
- ஏசி இருந்தால் 1 ஆம்பியர் டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) 2.
- வாட்டர் பம்ப் புல்லிக்குக் குட்டையான போல்ட்டுகள் (காரணம் கீழே).
- கூலண்ட், சுருங்கும் ரப்பர் குழாய், கிரிம்ப் லக்குகள் (வயர் நுனியில் நசுக்கிப் பிடிக்கும் உலோக முனைகள்).

பழையதைக் கழற்றுதல்

எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். கூலண்டை மேல் ஹோஸ் மட்டத்துக்குக் கீழே வரும்வரை வடியுங்கள். அது நிறம் மாறாமல் சுத்தமாக இருந்தால் சுத்தமான பாத்திரத்தில் பிடித்து வையுங்கள். மண்ணில் விடாதீர்கள், அது விலங்குகளுக்கு விஷம்.

பெல்ட்டைக் கழற்றும் முன்பே ஃபேன் நட்டுகளைத் தளர்த்திவிடுங்கள். பெல்ட்டின் இறுக்கம்தான் புல்லியைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. சில வண்டிகளில் நான்கு சிறிய நட்டுகள் இருக்கும். சிலவற்றில் கிளட்சின் பின்னால் ஒரே பெரிய நட்டு, அதற்குப் பெரிய ஸ்பேனரும் புல்லியைப் பிடிக்கும் கருவியும் வேண்டும். அந்தப் பெரிய நட்டு எந்தப் பக்கம் கழலும் என்று குழம்ப வேண்டாம். ஓடும்போது காற்றின் எதிர்ப்பு அதை இறுக்கிக்கொண்டே இருக்கும்படிதான் மரை வெட்டியிருப்பார்கள். எனவே ஃபேன் எந்தத் திசையில் சுற்றுமோ அதே திசையில் நட்டைத் திருப்பினால் கழலும்.

ரேடியேட்டரின் பின்முகத்தில் ஒரு கெட்டி அட்டையைச் செருகிவிட்டுப் பழைய ஷ்ரவுட்டையும் ஃபேனையும் ஒன்றாகவே மேலே தூக்குங்கள். இறக்கையின் ஒரு முனை பட்டாலும் தகடுகள் மடங்கிவிடும், குழாயில் ஆழமாகப் பட்டால் ரேடியேட்டரே போய்விடும்.

இனி பலர் கோட்டைவிடும் இடம். நான்கு நட்டு உள்ள வண்டிகள் பலவற்றில் அதே நட்டுகள்தான் புல்லியையும் பம்போடு பிடித்திருக்கின்றன. ஃபேன் போனதும் அங்கே அதன் தடிமன் குறைகிறது. பழைய போல்ட்டையே போட்டால் அது அடியில் முட்டி நின்றுவிடும். கைக்கு இறுகியதுபோல் தெரியும், புல்லி மட்டும் லேசாக ஆடும். சில நூறு கி.மீ.யில் துளைகள் நீள்வட்டமாகும், பெல்ட் தாவும். குட்டையான போல்ட்டும் வாசரும் போட்டு இறுக்கி, புல்லியை இரு கையாலும் பிடித்து அசைத்துப் பாருங்கள். துளியும் அசையக் கூடாது.

ஃபேனைப் பொருத்துதல்

பொருத்துவதற்கு முன் ஃபேனைத் தரையில் பிடித்துக்கொண்டு பேட்டரியில் ஒரு நொடி தொட்டு, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். மாட்டியபிறகு கண்டுபிடித்தால் இரட்டை வேலை.

சில ஃபேன்களோடு பிளாஸ்டிக் குச்சிகள் வரும். ரேடியேட்டர் தகடுகளின் நடுவே செருகி இழுத்துப் பூட்டச் சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள். பிக்கப்பின் அதிர்வில் அந்தக் குச்சி ஓயாமல் குழாயை அராவிக்கொண்டிருக்கும், ஒருநாள் கசியும். ரேடியேட்டரின் பக்கச் சட்டத்தில் பழைய ஷ்ரவுட் போல்ட் துளைகள் இருக்கின்றன. இரும்போ அலுமினியமோ பட்டை வளைத்து, அந்தத் துளைகளில் ரப்பர் வாசரோடு தாங்குங்கள். ஃபேனின் எடை முழுவதும் சட்டத்தில் இறங்க வேண்டும், கூட்டில் துளியும் தங்கக் கூடாது.

வயரிங்

30 ஆம்பியரை 2.5 சதுர மி.மீ. வயரில் போகவர 4 மீட்டர் அனுப்பினால் வழியிலேயே சுமார் 0.8 வோல்ட் தொலையும், வயர் 25 வாட் சூட்டைக் கக்கும். 6 சதுர மி.மீ. வயரில் இழப்பு 0.35 வோல்ட்தான். அதோடு ஃபேன் தொடங்கும் கணத்தில் வழக்கமானதைப்போல் இரண்டு மூன்று மடங்கு மின்சாரம் இழுக்கும். வயரை மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

ரிலேயின் நான்கு எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 30க்கு பேட்டரி பாசிட்டிவ், 40 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக. அந்த ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும், ஏனென்றால் ஃப்யூஸுக்கு முன்னால் வயர் உரசினால் காப்பாற்ற எதுவும் இல்லை. 87லிருந்து ஃபேனின் பாசிட்டிவ். ஃபேனின் நெகட்டிவ் நேராக பேட்டரி நெகட்டிவுக்கு, அல்லது பெயிண்ட் சுரண்டிப் பளபளப்பாக்கிய சட்டத்தில் எர்த். 85, 86 இரண்டும் ரிலேயை இயக்கும் முனைகள், அதில் ஓடுவது மிகச் சிறிய மின்சாரம்.

வெப்ப ஸ்விட்ச்சில் இரண்டு முனை இருந்தால்: சாவி போட்டதும் உயிர் வரும் ஒரு வயரிலிருந்து 5 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக ஸ்விட்ச்சுக்கு, ஸ்விட்ச்சிலிருந்து ஒரு டயோடு வழியாக 86க்கு. 85 எர்த். ஏசி கம்ப்ரசருக்குப் போகும் பாசிட்டிவ் வயரிலிருந்து இன்னொரு டயோடு வழியாக அதே 86க்கு. இரண்டு டயோடுகளிலும் கோடு போட்ட முனை ரிலே பக்கம் இருக்க வேண்டும். இப்படிச் செய்தால் எஞ்சின் சூடானாலும் ஏசி போட்டாலும் ஃபேன் ஓடும், எஞ்சின் சூட்டுக்காக ஓடும்போது கம்ப்ரசர் தானாகப் பிடித்துக்கொள்ளாது. ஸ்விட்ச்சில் ஒரே முனை இருந்தால் அது தன் உடல் வழியாக எர்த் கொடுக்கும் வகை. அப்போது 86க்கு சாவி மின்சாரம், 85 ஸ்விட்ச்சுக்கு, ஏசிக்குத் தனியாக இன்னொரு ரிலே. அந்த வகையின் மரையில் டெஃப்லான் டேப்பைத் தடிமனாகச் சுற்றினால் எர்த் துண்டிக்கப்பட்டு ஃபேன் ஓடவே ஓடாது.

ஃபேனை நேராக இக்னிஷன் வயரில் மாட்டாதீர்கள். வயர் உருகுவது ஒருபுறம். ஓடும் வண்டியில் முன்காற்றில் தானாகச் சுற்றும் ஃபேன் ஜெனரேட்டர்போல் மின்சாரம் தரும். அது திரும்பி வந்து, சாவியைத் திருப்பி அணைத்த பின்னும் எஞ்சினைச் சற்று நேரம் அணையவிடாமல் வைக்கலாம்.

லக்குகளைச் சரியான கருவியால் நசுக்கிப் பிடியுங்கள், வெறும் ஈயப்பற்றில் விட்டால் அதிர்வில் பற்றின் ஓரத்தில் வயர் ஒடியும். ரிலேயின் முனைகள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள். தண்ணீர் தேங்காது.

எந்த வெப்பத்தில் ஓட வேண்டும்?

தெர்மோஸ்டாட்டில் 82 என்று எழுதியிருந்தால் அது 82 டிகிரி செல்சியஸில் திறக்கத் தொடங்கும், முழுக்கத் திறக்க 95 வரை ஆகும். ஃபேன் நிற்கும் அளவு அந்த 82க்கு மேல் இருந்தே ஆக வேண்டும். 80இல் நிற்கும்படி வைத்தால், எஞ்சின் ஒருபோதும் 80க்கு இறங்காது, ஏனென்றால் தெர்மோஸ்டாட்டே இறங்கவிடாது. ஃபேன் நாள் முழுக்க ஓடித் தேயும். எஞ்சினிலிருந்து வெளிவரும் சூடான கூலண்டில் ஸ்விட்ச் இருந்தால் 95இல் ஓடி 88இல் நிற்பது நல்ல அமைப்பு. 88 டிகிரி தெர்மோஸ்டாட்டுக்கு 98, 92.

95 என்றதும் பயம் வரும். கூலண்டும் தண்ணீரும் சரிபாதி கலந்த கலவை, 15 பி.எஸ்.ஐ. மூடியின் அழுத்தத்தில், 125 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. மூடியையும் பாருங்கள்.

ஸ்விட்ச்சை ரேடியேட்டரின் வெளிவாயிலில், கீழ்ப்பக்கம் வைத்தால் அங்கே கூலண்ட் குளிர்ந்துதான் வரும், அளவைக் குறைத்து வைக்க வேண்டும். தகடுகளின் நடுவே குத்தும் ஊசி வகை உணரியைத் தவிர்த்துவிடுங்கள், அது கூலண்டை அளப்பதில்லை, தகட்டின் சூட்டை அளக்கிறது. ஹோஸுக்குள் கிளாம்பின் அடியில் நுழைக்கும் வகையும் வேண்டாம், அங்கே கசியும்.

ஓட்டிப் பார்த்தல்

கூலண்ட் ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடி திறந்தபடி குமிழி வருவது நிற்கும்வரை எஞ்சினை ஓட்டுங்கள். காற்று அடைந்திருந்தால் ஸ்விட்ச் நீராவியில் நின்றுகொண்டு தப்பாகச் சொல்லும். பிறகு மூடியைப் போட்டு ஐடிலில் விட்டுக் காத்திருங்கள். ஃபேன் ஓடியதும் கிரில் முன்னால் ஒரு தாளைப் பிடியுங்கள். அது இழுபட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். நடுவில் ஒட்டுகிற தாள் மூலையில் தொங்கினால் ஷ்ரவுட் அங்கே கசிகிறது. ஓரிரு நிமிடத்தில் சூடு இறங்கி ஃபேன் நிற்க வேண்டும்.

ஃபேன் ஓடும்போது மல்டிமீட்டரால் பேட்டரி முனையில் ஒரு முறை, ஃபேனின் முனையில் ஒரு முறை வோல்ட் பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருக்கட்டும். ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டு ஐடிலில் பேட்டரியில் 13 வோல்ட்டுக்குக் கீழே போனால் ஆல்டர்னேட்டர் திணறுகிறது. பத்து நிமிடம் கழித்து ரிலே சாக்கெட்டைத் தொடுங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, விரல் வைக்க முடியாவிட்டால் ஒரு முனை தளர்ந்திருக்கிறது.

ஃபேன் நிற்கவே மாட்டேன் என்கிறதா? ஸ்விட்ச் அளவு தெர்மோஸ்டாட்டை ஒட்டி இருக்கிறது, அல்லது ஷ்ரவுட் மூடவில்லை. சில நொடிக்கு ஒருமுறை ஓடி நிற்கிறதா? ஓடும் அளவுக்கும் நிற்கும் அளவுக்கும் இடைவெளி போதவில்லை, 5 டிகிரிக்குக் குறையாமல் வையுங்கள். தொடங்கும்போதெல்லாம் ஃப்யூஸ் போகிறதா? பெரிய ஃப்யூஸ் போடுவதற்கு முன் இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள், எங்கோ உரசிக்கொண்டிருக்கலாம்.

தண்ணீரைக் கடக்கும் வழக்கமிருந்தால் 86க்குப் போகும் வயரில் ஒரு ஸ்விட்ச்சும், அணைத்திருப்பதைக் காட்ட டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கும் வையுங்கள். விளக்கில்லாத ஸ்விட்ச் கரையேறியதும் மறந்துபோகும், எஞ்சின் வெந்துவிடும்.

முதல் 500 கி.மீ. ஆனதும் தாங்குபட்டை போல்ட்டுகள், புல்லி போல்ட்டுகள், எர்த் முனை மூன்றையும் மறுபடி இறுக்குங்கள். கழற்றிய ஃபேன் கிளட்சைத் தூக்கி எறிய வேண்டாம், வண்டியில் இருந்ததைப் போலவே நிமிர்த்தி வையுங்கள். படுக்கவைத்தால் உள்ளிருக்கும் சிலிக்கான் எண்ணெய் கசிந்து கெட்டுப்போகும். பழைய நீள போல்ட்டுகளையும் ஒரு பையில் போட்டு அதிலேயே கட்டிவிடுங்கள்.